காயம் ஆறும்வரை சொல்லாத பெயர்

திண்டிவனம் சப் மாஜிஸ்திரேட் அவர்கள் முன்னிலையில், 1939ஆம் வருஷம் மே மாதம், சாட்சி சொல்லச் சொல்லக் குமாஸ்தா அரங்கநாதன் எழுதிக்கொண்டது.

என் பெயர் அம்சா. வயது இருபத்தெட்டு இருக்கும். புருஷன் பெயர் பச்சைமுத்து. திண்டிவனம் தாலுக்கா, மரக்காணத்துக்குத் தெற்கே கழிமேட்டுக்குப்பத்தில் குடியிருக்கிறோம். சொந்த நிலம் கிடையாது. உப்பங்கழி கடலில் சேரும் முகத்துவாரத்தில் என் புருஷன் முங்கிக் கிளிஞ்சல் எடுப்பார். அது வண்டியில் சுண்ணாம்புக் காளவாய்க்குப் போகும். நான் இடுப்பளவு தண்ணீரில் நின்று மட்டிச் சிப்பி பொறுக்குவேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பேசத் தெரியும். அது தேவைக்கு மேலேயே தெரியும் என்று என் புருஷன் சொல்வார்.

இந்த வழக்கில் எதிரியாக விழுப்புரம் சப் ஜெயிலில் இருக்கும் மாசிலாமணி என் கூடப்பிறந்த தம்பி. குத்துப்பட்டுத் திண்டிவனம் ஆஸ்பத்திரியில் கிடப்பவர் என் புருஷன். தம்பிக்கு நடக்கத் தெரியாத வயதிலேயே எங்கள் தாய் தவறிவிட்டாள். அவனை இடுப்பில் வைத்து வளர்த்தவள் நான். கல்யாணமாகி வந்தபோது அவனையும் கூடவே கொண்டுவந்தேன். ஆகையால் இந்த வழக்கில் யார் ஜெயித்தாலும் தோற்பவள் நான்தான் என்பதை முதலில் எழுதிக்கொள்ளவேண்டும்.

என் தம்பி என் புருஷனைக் குத்தவில்லை. குத்தியது ஒரு மீன். அதன் பெயரைக் கடைசியில்தான் சொல்வேன். அதுவரை அந்த மீன் என்றே எழுதிக்கொள்ளும்படி கேட்டேன், மாஜிஸ்திரேட் ஐயா சம்மதித்தார்கள். காரணம் வருமாறு. கடலிலோ கழியிலோ எது குத்தினாலும் சரி, குத்துப்பட்டவனும் அதைப் பார்த்தவர்களும் காயம் உலரும்வரை அதன் பெயரை வாயில் எடுப்பது எங்கள் குப்பத்தில் வழக்கமில்லை. எடுத்தால் விஷம் தன்னைக் கூப்பிடுவதாக எண்ணிக்கொண்டு நெஞ்சுக்கு ஏறிவிடும். குத்திய முள் கிடைத்தால் அதையும் வீட்டுக்குக் கொண்டுவராமல் தண்ணீரிலேயே விட்டுவிடுவோம். என் சிற்றப்பன் கண்ணையனைக் கெளுத்தி குத்தியபோது அவர் கள்ளுக்கடையில் உட்கார்ந்து பெயரைச் சொல்லிச் சொல்லித் திட்டினார், அந்த வாரமே செத்தார். புண்ணோடு சேற்றில் விழுந்து கிடந்தார் என்பதும் உண்மைதான். ஆனாலும் எங்களுக்குப் பயம் பயம்தான்.

அந்த மீனைப் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன். அது தட்டையானது. இரண்டு பக்கமும் பெரிய றெக்கை உண்டு, அதை வீசித்தான் நீந்தும். பார்த்தால் தண்ணீருக்குள் பறப்பதாகவே தோன்றும். முதுகு கறுப்பு, அதன்மேல் கோலத்துக்குப் புள்ளி வைத்ததுபோல வெள்ளை வெள்ளையாக இருக்கும். மூக்கு வாத்து மூக்கு. அதை மண்ணுக்குள் விட்டுக் கிண்டி மட்டியைத் தின்னும். வாய்க்குள் அம்மி மாதிரி தட்டையான பல், அதில் வைத்து ஓட்டை நொறுக்கித் துப்பிவிட்டுச் சதையை மட்டும் விழுங்கும். முங்கியிருப்பவனுக்கு அந்தச் சத்தம் மல்லாட்டைக் கடலையை உடைக்கிற மாதிரி கேட்குமாம். வால் சாட்டைபோல நீளம். பலரும் முள் வால் நுனியில் இருப்பதாக நினைக்கிறார்கள். அப்படியல்ல, முள் வாலின் அடியில், உடம்பை ஒட்டி இருக்கும். இரண்டு ஓரத்திலும் கருக்கரிவாளுக்கு உள்ளதுபோல் பல் உண்டு. அந்தப் பல் பின்பக்கம் சாய்ந்திருப்பதால் உள்ளே போவது சுலபம், வெளியே வரும்போது சதையைக் கிழித்துக்கொண்டு வரும். ஐயா காயத்தைப் பார்த்தால் தெரியும், ஓரமெல்லாம் பிய்ந்திருக்கிறது. போலீசார் எடுத்துவைத்திருக்கும் ஈட்டி இரண்டு பக்கமும் வழவழவென்று இருக்கிறது.

கோடையில் கழித் தண்ணீர் தெளியும்போது அந்த மீன்கள் கடல் ஏற்றத்தோடு உள்ளே வரும். இரண்டு மூன்றாகச் சேர்ந்து வரும். என் புருஷனுக்கு அவற்றின்மேல் ஒரு பைத்தியம். துரத்தினால் ஒரே வீச்சில் காணாமல் போய்விடும், அவ்வளவு கூச்சம். ஆனால் ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு அடியில் அசையாமல் கிடந்தால், சுற்றிச் சுற்றி வந்து பக்கத்துக் கண்ணால் பார்த்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கும் என்று சொல்வார். மூச்சை விட்டுக் குமிழி எழுந்தால் போதும், தள்ளிப் போய்விடுமாம். அவை கிண்டிய குழியில் கிளிஞ்சல் இளகியிருக்கும், அதை இவர் எடுப்பார். இவர் தோண்டிய குழியில் அவை வந்து மேயும். ஒன்றுக்கு மட்டும் இடது றெக்கையில் ஒரு வெட்டு உண்டு. அது வந்த நாளில் வீட்டுக்கு வந்ததும் எனக்குச் சேதி சொல்வார். சம்பந்தி வீட்டார் வந்து போனதுபோல விவரமாகச் சொல்வார். எனக்கு எரிச்சலாக இருக்கும், இருந்தாலும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

என் தம்பிக்கு அது பிடிக்காது. போன வருஷம் அவன் வலையை அவைதான் கிழித்தன. அதோடு என்றைக்காவது அவை மாமனை முள்ளால் குத்திவிடும் என்ற பயமும் இருந்தது. பயத்தைப் பயம் என்று சொல்ல அவனுக்கு வராது, கோபமாகத்தான் வரும். சம்பவத்துக்கு முந்தின நாள் அவன் ஒரு புது ஈட்டியோடு காளவாய்க்கு வந்தான். என் புருஷன் அதைப் பிடுங்கிச் சேற்றில் எறிந்தார். அதன் பிறகு இருவருக்கும் வாய்ச்சண்டை முற்றியது. காளவாய் மேஸ்திரி விருத்தாசலமும் வண்டிக்காரர்களும் நின்று வேடிக்கை பார்த்தார்கள். என் தம்பி, "யோவ் மாமா, நீ எனக்கு மாமனா, அந்த மீனுக்கு மாமனாய்யா? இரு இரு, ஒரு நாளு இந்த ஈட்டி உன் தொடையிலதான் ஏறப்போவுது" என்று கத்தினான். மேஸ்திரி போலீசில் சொன்னது பொய்யல்ல. அந்த வார்த்தையை நானும் கேட்டேன். அன்று இரவே என் தம்பி எங்கள் வீட்டில்தான் கேப்பைக் களி தின்றான், என் புருஷன்தான் அவனுக்குக் குழம்பு ஊற்றினார் என்பதை மேஸ்திரி பார்க்கவில்லை.

மறுநாள் காலை ஏற்றம் வந்த வேளையில் மூவரும் முகத்துவாரத்துக்குப் போனோம். அவர்கள் இருவரும் தோணியில் இருந்தார்கள். நான் கரையோரத் தண்ணீரில் மட்டி பொறுக்கிக்கொண்டிருந்தேன். தோணி கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருந்தது, எனக்கும் தோணிக்கும் நடுவில் மறைப்பு எதுவும் இல்லை. என் தம்பி அந்த ஈட்டியைக் கழுவி மறுபடியும் கொண்டுவந்திருந்தான். என் புருஷன் அதைப் பார்த்துவிட்டுத்தான் முங்கினார். அதன் பிறகு மூன்று மீன்கள் வந்தன. கிண்டிய இடத்தில் தண்ணீர் பால்போல் கலங்குவது நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. என் புருஷன் கூடையோடு மேலே வந்து, தோணியில் ஏறிக் காலை நீட்டி உட்கார்ந்து இளைப்பாறினார். அப்போது றெக்கை வெட்டுப்பட்ட மீன் தோணிக்கு வெகு அருகில் மேலே வந்தது. என் தம்பி எழுந்து ஈட்டியை ஓங்கினான்.

என் புருஷன், "வாணாண்டா மாசிலா" என்று மட்டும் சொன்னார். அதட்டவில்லை, கெஞ்சுகிற மாதிரி சொன்னார். என் தம்பி சற்று நேரம் அப்படியே நின்றான், பிறகு ஈட்டியைத் தாழ்த்திவிட்டான். அவன் ஈட்டியைத் தாழ்த்தியதை நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். இந்த ஒரு வரியை இரண்டு தடவை எழுதிக்கொள்ளும்படி கேட்டேன். ஒரு தடவை போதும் என்று குமாஸ்தா சொன்னார்.

அதன் பிறகு அந்த மீன் தண்ணீருக்கு மேலே எகிறியது. அவை அப்படி எகிறுவது உண்டு. பயந்து எகிறும் என்பார்கள் சிலர், உடம்பில் ஒட்டிய உறிஞ்சு மீனை உதறுவதற்காக என்பார்கள் சிலர், எதற்கு என்று அதைக் கேட்டவர் யாரும் இல்லை. எகிறிய மீன் தோணிக்குள் என் புருஷனின் கால்மேல் விழுந்தது. ஓர் ஆளின் எடைக்குக் குறையாது. அது துள்ளியதில் வாலடி முள் அவருடைய வலது தொடையில் ஏறிவிட்டது. அவர் கத்தியதைக் கேட்டு நான் மட்டிக்கூடையைப் போட்டுவிட்டுத் தோணிக்கு ஓடினேன். தண்ணீருக்குள் ஓடமுடியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் போய்ச் சேருவதற்குள் என் தம்பி ஈட்டியைக் கீழே போட்டுவிட்டு, இரண்டாம் தடவை குத்தாதபடி வாலின் அடியை வெறுங்கையால் பிடித்துக்கொண்டான். அவனுடைய உள்ளங்கை கிழிந்தது அப்போதுதான். அது மல்லுக்கட்டியபோது பட்ட காயம் என்று போலீசார் எழுதியிருக்கிறார்கள். மல்லுக்கட்டியது உண்மை. மாமனோடு அல்ல.

அவன் பிடித்துக்கொண்டிருக்கும்போதே அந்த மீன் குட்டி போட்டது. நான் தோணியின் ஓரத்தைப் பிடித்தபடி இதைப் பார்த்தேன். வாழையிலையைச் சுருட்டி வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி, இரண்டு றெக்கையையும் உடம்போடு சுருட்டிக்கொண்டு வந்து விழுந்தது. தாய்க்கு உள்ளது மாதிரியே வெள்ளைப் புள்ளிகள் அதற்கும் இருந்தன. தோணிக்குள் என் புருஷனுடைய ரத்தம் தேங்கிக்கொண்டிருந்தது. குட்டி அதில் கிடந்து துடித்தது. பிறகு என் புருஷன் பல்லைக் கடித்துக்கொண்டு, "குட்டிய மொதல்ல உடுடா, ஜல்தி" என்றார்.

கொல்வதற்கென்று ஈட்டியோடு வந்தவன், கிழிந்த கையாலும் நல்ல கையாலும் குட்டியை ஏந்தித் தண்ணீரில் விட்டான். அது சுருளை விரித்து இரண்டு தடவை றெக்கையை அடித்துப் பார்த்தது, பிறகு போய்விட்டது. அதன் பிறகு ஈட்டிக் காம்பைத் தாயின் அடியில் கொடுத்து நெம்பி, நாங்கள் இருவருமாக அதையும் தள்ளிவிட்டோம். ஈட்டியில் இருக்கும் ரத்தம் அப்போது பட்டது. தாய் சிறிது நேரம் தோணியை ஒட்டியே கிடந்துவிட்டு ஆழத்துக்குப் போனது. என் தம்பி தலையில் அடித்துக்கொண்டு அழுதான். எனக்கு அப்போது அழுகை வரவில்லை, என் சேலையைக் கிழித்துக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு காளவாய் வண்டியில் போட்டு அவரைத் திண்டிவனத்துக்குக் கொண்டுவந்தோம். ஆஸ்பத்திரியில் டாக்டர் இருதயராஜ் அவர்கள், யார் குத்தியது என்று கேட்டார். என் புருஷன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். என் தம்பி தரையைப் பார்த்தான். மீன் என்று மட்டும் சொன்னாலும் அடுத்த கேள்வி எந்த மீன் என்றுதான் வரும் என்று நானும் வாயைத் திறக்கவில்லை. எங்களுக்கு அது வழக்கம். பார்க்கிறவர்களுக்கு அது குற்றத்தை மறைப்பதாகத்தான் தெரியும், அதற்காக நான் யாரையும் நோகவில்லை. தோணியில் ரத்தம் பூசிய ஈட்டி, மச்சான் கையில் காயம், முந்தின நாள் சொன்ன வார்த்தை, மூன்று பேரும் ஊமை. நான் போலீசாக இருந்தால் நானே பிடித்திருப்பேன்.

என் தம்பியை விழுப்புரத்துக்குக் கொண்டுபோன அன்று நான் திண்டிவனம் ரயிலடிக்குப் போனேன். உள்ளங்கைக் காயத்தில் கட்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். நான் வாயைத் திறப்பதற்குள், "யக்கா, நீ வாயத் தொறக்காத. மாமாவுக்குக் காயம் ஆறட்டும். அதுமுட்டும் நான் உள்ளயே இருந்துக்கினு இருக்கேன், எனக்கு இன்னா பேஜாரு" என்றான். ரயில் போன பிறகும் நான் அங்கேயே நின்றேன். ஒரு பக்கம் புருஷன் காய்ச்சலில் பிதற்றுகிறார், மறுபக்கம் தம்பி கொலை முயற்சி கேஸில் போகிறான். பெயரைச் சொன்னால் இவர் போவார், சொல்லாவிட்டால் அவன் போவான். இப்படி ஒரு நிலைமை என் எதிரிக்கும் வரவேண்டாம்.

என் புருஷனுக்குக் காய்ச்சல் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனது. காலை எடுக்கவேண்டியிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் பேசிக்கொண்டார்கள். நான் மயிலம் முருகனுக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டேன். நேற்று காலையில் போய்த் தொட்டுப் பார்த்தபோது உடம்பு குளிர்ந்திருந்தது. முருகன் கேட்டுவிட்டான் என்று சந்தோஷப்பட்டு வெளியே வந்தால், வாக்குமூலம் கொடுக்க வரும்படி இங்கிருந்து ஆள் வந்து நிற்கிறது. இப்போதுதான் பிழைத்து வருகிறார், இப்போது போய் நான் அந்தப் பெயரைச் சொல்வதா என்று ராத்திரி முழுக்கத் தவித்தேன். கடைசியில் ஒன்று நினைத்தேன். அந்த மீனைக் கொல்ல வந்தவன் அதன் குட்டியை உயிரோடு விட்டான். அந்த விஷத்துக்குக் கொஞ்சமாவது நன்றி இருந்தால், அவனைக் காப்பாற்றச் சொல்லும் சொல்லுக்கு அது ஏறாது. அப்படியே ஏறினாலும் பெயரைச் சொன்னவள் நான், என்மேல் ஏறட்டும். இதை நினைத்துக்கொண்டுதான் காலையில் படியேறினேன்.

(இந்த இடத்தில் சாட்சி தண்ணீர் கேட்டுக் குடித்தாள்.)

என் புருஷனைக் குத்தியது குருவித் திருக்கை.

மறுபடியும் கேட்டதால் மறுபடியும் சொல்கிறேன். குருவித் திருக்கை. வேறு யாரும் குத்தவில்லை.

இதைச் சொன்னதும் நான் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்று எழுந்தேன். ஐயா அவர்கள் உட்காரச் சொல்லி, ஒரு விஷயம் தெரிவித்தார்கள். என் புருஷன் முந்தாநாளே டாக்டர் இருதயராஜிடம் அந்தப் பெயரைச் சொல்லிவிட்டாராம். "எனக்கு இன்னா ஆனாலும் ஆவட்டும், மச்சான வெளிய உடுங்க" என்றாராம். திருக்கை என்று தெரிந்த பிறகுதான் டாக்டர் காயத்தை மறுபடியும் திறந்து பார்த்திருக்கிறார். சதைக்குள் முள்ளின் நுனி ஒடிந்து நின்றிருந்தது, இரண்டு ஓரமும் பல்லோடு. அதை எடுத்த பிறகுதான் காய்ச்சல் இறங்கியிருக்கிறது. அக்காளைக் கட்டியவன் மச்சானைக் காப்பாற்றப் பொய் சொல்கிறானோ என்று பார்ப்பதற்காக, அவர் சொன்னதை எனக்குத் தெரிவிக்காமல் என்னைத் தனியே விசாரித்ததாக ஐயா சொன்னார்கள். இரண்டும் ஒத்துப்போகிறது என்றார்கள். கால் எடுக்கவேண்டியதில்லை என்றும் டாக்டர் எழுதியிருக்கிறாராம்.

இதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது கோபம்தான். நேற்று அவ்வளவு நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் பயந்துவிடுவேன் என்று மறைத்திருக்கிறார். நானும் அவர் பயந்துவிடுவார் என்றுதான் இன்று இங்கே வருவதை மறைத்தேன். அதன் பிறகு நான் அழுதேன். அழுததை எழுதவேண்டாம் என்று கேட்டேன், நடந்ததை எழுதியே ஆகவேண்டும் என்று குமாஸ்தா சொல்லிவிட்டார். மொட்டை போடுவதாக வேண்டியதை மாற்றப்போவதில்லை. முருகன்தான் அவர் வாயைத் திறந்திருப்பான்.

என் தம்பி மட்டும் இன்னும் பெயரைச் சொல்லாமல் இருப்பதாகவும், இரண்டு தடவை விசாரித்தும் தலையைக் குனிந்துகொண்டே இருந்ததாகவும் ஐயா சொன்னார்கள். அவனுக்கு இங்கே நடந்தது எதுவும் தெரியாது. மாமன் காயம் ஆறட்டும் என்று உட்கார்ந்திருக்கிறான். அவனை விடுவிக்கும் உத்தரவு சாயங்காலத்துக்குள் விழுப்புரம் போகும் என்றும், அதே ரயிலில் நானும் போகலாம் என்றும் சொன்னார்கள்.

மேலே கண்டதெல்லாம் என் கண்ணால் கண்டது, யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல, மிரட்டலுக்குச் சொன்னதுமல்ல. முழுவதும் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. மேஸ்திரி விருத்தாசலம் பற்றிய இடத்தில் நான் சொன்ன இன்னொரு வார்த்தை விட்டுப்போயிருக்கிறது, அது போகட்டும். மற்றபடி எல்லாம் சரி என்று ஒப்புக்கொண்டு என் இடது கைப் பெருவிரல் ரேகை வைக்கிறேன்.

அம்சா, இடது கைப் பெருவிரல் ரேகை.
எழுதியவன்: அரங்கநாதன், குமாஸ்தா.

ரேகை வைத்த பிறகு சாட்சி கேட்டுக்கொண்டபடி சேர்த்தது: விழுப்புரத்தில் இதை மாசிலாமணிக்குப் படித்துக் காட்டும்போது, மீனின் பெயர் வரும் இடத்தை மட்டும் உரக்கப் படிக்கவேண்டும். அவன் நம்பமாட்டான், காதைப் பொத்திக்கொள்வான். அப்போது, அந்தப் பெயரைத் தானே சொன்ன பிறகும் உன் மாமன் இன்று காலையில் கூழ் கேட்டு வாங்கிக் குடித்தார் என்று சொல்லவும்.